பழையபேட்டை பாத்திரக்கடையில பேரு வெட்டுற பெரியவரும், திரும்பி வந்த எங்க செம்பியும்

இது பாத்திரக்கடை ரிவ்யூ தான், ஆனா பாத்திரத்தைப் பத்தி இல்ல. கிருஷ்ணகிரி பழையபேட்டை பக்கம் பாத்திரம் வாங்குறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கடை வாசல்ல ஒரு பெரியவர் ஸ்டூல் போட்டு உக்காந்து குடம், தூக்கு, டிபன் பாக்ஸ்னு எதைக் குடுத்தாலும் பேரு வெட்டிக் குடுப்பாரு. கல்யாணப் பாத்திரத்துல "இன்னார் அன்பளிப்பு"னு வெட்டுவாங்கல்ல, அதே மெஷின் தான். அவருகிட்ட 2025 ஆடி மாசம் எங்க நாய் செம்பிக்கு கழுத்துல மாட்ட ஒரு பித்தளைத் தகடு வெட்டி வாங்கினேன், தகடு 70, வெட்டுக்கூலி 50, மொத்தம் 120 ரூபா.

செம்பி நாட்டு நாய், செவலை நிறம், நாலு வயசு, கேஆர்பி டேம் பக்கம் மழையில நடுங்கிட்டு இருந்த குட்டிய எங்க வீட்டுக்காரர் சட்டைக்குள்ள வெச்சு எடுத்துட்டு வந்தது. நாட்டு நாய் வளக்குறவங்களுக்கு ஒரு பயம் எப்பவும் இருக்கும், லேப்ரடாரோ பொமரேனியனோ ரோட்டுல தனியா நின்னா "ஐயோ யாரோட நாயோ"னு நாலு பேரு விசாரிப்பாங்க, நம்ம நாய் நின்னா தெரு நாய்னு கல்லெடுத்து துரத்துவாங்க. அதுக்கும் ஒரு வீடு இருக்கு, அதுக்காக ஒரு புள்ள சாப்பிடாம உக்காந்திருக்குனு பாக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்? கழுத்துல ஏதாவது சொல்லணும்.

தகடுக்கு முன்னாடி வேற எல்லாம் பாத்துட்டோம். ஆன்லைன்ல ஒரு க்யூஆர் டேக் வாங்கினேன், மூணு மாசத்துல பிரிண்ட் அழிஞ்சு போச்சு, அழியாம இருந்தப்பவே ஸ்கேன் பண்ணா பக்கம் பாதி நாள் திறக்கல. மைக்ரோசிப் போட்டிருக்கோம், அது நல்லது தான், நான் வேணாம்னு சொல்லல, அரிசி மணி அளவு தான் இருக்கும், தோலுக்கு அடியில ஊசி மாதிரி போட்டுடுவாங்க, 15 இலக்க நம்பர் உள்ள இருக்கும். ஆனா நிறைய பேரு அதை ஜிபிஎஸ்னு நினைக்கிறாங்க, கிடையாது, அதுல பேட்டரியே இல்ல, ரீடர் வெச்சு கிட்ட காட்டினா நம்பர் மட்டும் தெரியும், அந்த நம்பரும் நம்ம போன் நம்பரோட எங்கயாவது பதிவாகியிருந்தா தான் பிரயோஜனம். டீக்கடைக்காரர் கையில ரீடர் இருக்குமா? ஆப்பிளோட ஏர்டேக், பொருள் எங்க இருக்குனு போன்ல காட்டுற வில்லை, அதை மாட்டலாம்னு தம்பி சொன்னான், அது பக்கத்துல ஐபோன் போற வர்ற இடத்துல தான் ஒழுங்கா இடம் காட்டும், ஏரிக்கரையிலயும் மாந்தோப்புலயும் யாரு வெச்சிருக்கா. போன் நம்பர் மட்டும் யாரு வேணா படிக்கலாம், பட்டன் போன் இருந்தா கூட போதும்.

இப்போ அந்தப் பெரியவரோட வேலையப் பத்தி. நான் ஒரு பேப்பர்ல "செம்பி"னு பெருசாவும் நம்பரை சின்னதாவும் எழுதிக் குடுத்தேன். பாத்துட்டு "பேரு சின்னதா போதும்மா, நம்பரைப் பெருசா போடலாம், அது தான் உன்னைக் கூப்பிடும்"னாரு. ஒரு நம்பர் போதுமா, வீட்டுல இன்னொருத்தர் நம்பரும் குடுன்னு அவரே கேட்டு வாங்கினாரு. தகடை மரக்கட்டையில அழுத்திப் பிடிச்சு மெஷினை வெச்சாரு, ட்ர்ர்ர்னு சத்தத்தோட ஊசி துடிச்சு புள்ளி புள்ளியா எழுத்து விழுது, ஒவ்வொரு இலக்கம் முடிஞ்சதும் வாயால ஊதி பித்தளைத் தூளைத் தள்ளிட்டு, சத்தமா படிச்சுட்டு தான் அடுத்தது. முன் பக்கம் "செம்பி, வீட்டு நாய், ஊசி போட்டாச்சு", பின் பக்கம் ரெண்டு நம்பர். அப்புறம் பள்ளத்துல கருப்பு பெயிண்ட் தடவி துணியால துடைச்சாரு, எழுத்து பளிச்னு எழுந்துச்சு. கடைசியா என்னை டயல் பண்ணச் சொன்னாரு, "மனசுல இருக்குற நம்பரைப் போடாத, தகடைப் பாத்துப் போடு". ரெண்டு நம்பருக்கும் ரிங் போனதும் தான் காசு வாங்கினாரு. இவ்ளோ பொறுப்பா ஒரு 50 ரூபா வேலைய செஞ்சு நான் பாத்ததில்ல.

அக்டோபர் 20 தீபாவளி. ராத்திரி பக்கத்துத் தெருவுல பத்தாயிரம் வாலா கொளுத்தினாங்க, நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் தான் காது கேக்கும், நாய்க்கு 45,000 வரைக்கும் கேக்கும்னு சொல்றாங்க, அதுக்கு அந்த சத்தம் எப்படி இருந்திருக்கும்னு நினைச்சாலே வயித்தப் பிசையுது. யாரோ கேட்டைத் திறந்திருக்காங்க, செம்பி ஒரே பாய்ச்சல். விடிய விடிய தேடினோம். பையன் ஆறாவது படிக்கிறான், செம்பியோட தட்டைக் கையில வெச்சு தட்டிக்கிட்டே தெருத்தெருவா வந்தான், அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு.

வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் போட்டோ போட்டோம். இதுல ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், ஒருத்தன் போன் பண்ணி "நாய் எங்கிட்ட தான் இருக்கு, 2000 ஜிபே பண்ணுங்க, லொகேஷன் அனுப்புறேன்"னான். நல்லவேளை இடது பின்னங்காலு மட்டும் வெள்ளையா இருக்கும்ங்கிறத நாங்க போஸ்டுல சொல்லவே இல்ல, போட்டோவுலயும் அந்தக் காலு தெரியாது. எந்தக் காலு வெள்ளைனு கேட்டேன், கட் பண்ணிட்டான். நீங்களும் ஒரு அடையாளத்தை வெளிய சொல்லாம வெச்சுக்கோங்க, வீடியோ கால்ல காட்டாம ஒரு ரூபா அனுப்பாதீங்க. டாக்டர் இன்னொண்ணு சொன்னாரு, பயந்து ஓடுன நாய் சொந்தக்காரங்களப் பாத்தா கூட ஓடும், துரத்தாதீங்க, தரையில உக்காந்து மெதுவா பேசுங்க, அது படுக்குற துணிய கேட் வாசல்ல போடுங்கனு. என் பழைய புடவைய போட்டு வெச்சோம், மூணு நாள் அது அப்படியே கிடந்துச்சு.

23ஆம் தேதி வியாழக்கிழமை காலையில எங்க மாமியாருக்கு ஒரு கால். தர்மபுரி ரோட்டுல அவதானப்பட்டி ஏரி தாண்டி ஒரு பஞ்சர் கடை, அங்கேர்ந்து. டியூப் முக்கிப் பாக்குற தொட்டியில ஒரு நாய் தண்ணி குடிச்சிட்டு அங்கயே படுத்துடுச்சாம், தகடு பூரா சேறு, அந்தத் தம்பி கட்டை விரலால தேய்ச்சு நம்பரைப் படிச்சிருக்காரு. முதல் நம்பர் எங்க வீட்டுக்காரரோடது, ராத்திரி பூரா பேசிப் பேசி சார்ஜ் போய் ஸ்விட்ச் ஆஃப். ரெண்டாவது நம்பர் தான் மாமியாரோடது. பெரியவர் கேக்கலனா அந்த ரெண்டாவது நம்பர் தகடுல இருந்திருக்காது. "அம்மா, செம்பினு எழுதியிருக்கு, கூப்பிட்டா வாலாட்டுது, உங்க நாய் தானே?" மாமியாரு பேசவே இல்ல, போனை என் கையில குடுத்துட்டு உக்காந்துட்டாங்க.

அந்த ஹைவேயில லாரி போற வேகம் உங்களுக்கே தெரியும், அதை எப்படித் தாண்டுச்சோ. நாங்க போய் இறங்கினதும் பையன் டாக்டர் சொன்ன மாதிரியே தரையில உக்காந்தான், செம்பி கொஞ்ச நேரம் மோந்துட்டே நின்னுச்சு, அப்புறம் முனகிக்கிட்டே வந்து அவன் மடியில தலைய வெச்சுது. உள்ளங்காலு கிழிஞ்சிருந்துச்சு, காதுல உண்ணி, தொடையில ஏதோ நாய் கடிச்ச பல்லு தடம், ஏற்கனவே ஊசி போட்டிருந்தாலும் டாக்டர் ரேபிஸ் பூஸ்டர் உடனே போட்டாரு. பஞ்சர் கடைத் தம்பிக்கு காசு குடுத்தோம், கையில தொடவே இல்ல, "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்குக்கா"னாரு.

குறைனு பாத்தா ஒண்ணு தான், தகடோட வர்ற வளையம் மெல்லிசு. செம்பி கழுத்துல அது பாதி விரிஞ்சிருந்துச்சு, இன்னொரு நாள் போயிருந்தா தகடு எங்கயாவது விழுந்திருக்கும், அதை நினைச்சா இப்பவும் உடம்பு நடுங்குது. சாவிக்கொத்துல வர்ற ரெட்டைச் சுத்து வளையம் தனியா வாங்கி மாட்டுங்க, பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும், அதுக்கு மேல தளர்வா விடாதீங்க. போன் நம்பர் மாத்தினா அன்னைக்கே புதுத் தகடு வெட்டிடுங்க.

போன வாரம் செம்பியவே கூட்டிட்டுப் போய் பெரியவருகிட்ட காட்டினேன், வளையம் விரிஞ்சதையும் சொன்னேன். தகடைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, எழுத்து ஒண்ணு கூட அழியல. உள்ள போய் கெட்டி வளையம் தேடி எடுத்து அவரே கொறடால மாட்டி விட்டாரு, காசு வேணாம்னுட்டாரு. போறவங்க காலையில 11 மணிக்குள்ள போங்க, முகூர்த்தத்துக்கு முன்னாடி நாள் போகாதீங்க, சீர்ப் பாத்திரம் வரிசையா வந்துட்டே இருக்கும், நிதானமா வெட்ட முடியாது. அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார்.