தும்புச்சோற்றுக் கட்டி: செவ்வரத்தைச் சாடி மாற்ற வாங்கலாமா?

கொழும்பில் செடி விற்கும் இடங்களில் இப்போது மண் பையை விட முன்னே நிற்பது அமுக்கிய தும்புச்சோற்றுக் (தேங்காய்ப் பொச்சுத் தூள்) கட்டிதான். கொகோபீட் என்று கேட்டே பலர் வாங்குகிறார்கள். வாங்கலாம். ஆனால் கழுவாமலும் தனியாகவும் போட்டால் செவ்வரத்தை ஒரு மாதத்துக்குள் முகம் வாடிவிடும்.

முதலில் அளவு. 650 கிராம் கட்டி சுமார் 4 லீற்றர் நீரைக் குடித்து 8, 9 லீற்றராகப் பொருமும். 5 கிலோ கட்டிக்கு 20 முதல் 25 லீற்றர் நீர் தேவை, கிடைப்பது 65 லீற்றருக்கு மேல். 8 அங்குலச் சாடியிலிருந்து 10 அங்குலச் சாடிக்கு மாற்றும்போது புதிதாக நிரப்ப வேண்டியது ஏறக்குறைய 5 லீற்றர் கலவைதான். அதில் மூன்றிலொரு பங்கே தும்புச்சோறு. ஆகவே நாலைந்து சாடி வைத்திருக்கும் பல்கனிக்குச் சின்னக் கட்டியே போதும். பெரியதை வாங்கியவர்கள் காய்ந்த நிலையிலேயே வாளால் அறுத்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை நனையாமல் வைக்கலாம். ஈரமாகக் கட்டி வைத்த தும்புச்சோற்றில் பாசியும் சிறு ஈக்களும் வந்துவிடும்.

இதன் நன்மை பாரம் குறைவு, களை விதை இல்லை, அமிலத்தன்மை செவ்வரத்தைக்கு ஏற்றது (pH பெரும்பாலும் 5.5 முதல் 6.5). வெள்ளவத்தையில் நாலாம் மாடிக்கு மண் மூட்டை சுமப்பவர்களுக்கு முதலாவது காரணமே போதும்.

பெரிய குறை உப்பு. பொச்சுமட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் குளோரைட்டும் உண்டு. உவர்நீரில் ஊறவைத்த மட்டையென்றால் இன்னும் கூடும். பொதியில் ‘ஈசி’ (EC, உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன்) என்ற அளவு அச்சிட்டிருந்தால் 0.5 mS/cmக்குக் கீழா என்று பாருங்கள். அச்சிடாத கட்டியைக் கழுவாதது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கழுவும்போது வடியும் தேநீர் நிறத்தைப் பலர் உப்பு என்று நினைத்து, நிறம் தெளிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அந்த நிறம் துவர்ப்புச் சாயம். உப்புக்கு நிறமே கிடையாது. சோடியத்தில் ஒரு பகுதி தும்புத்துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும், வெறும் நீருக்கு விடாது, கல்சியம் வந்துதான் அதைத் தள்ள வேண்டும். 5 கிலோ கட்டியை ஊறவைத்து, பழைய சாரத்துணியில் மூன்று தரம் அலசிப் பிழிந்தபின், 10 லீற்றர் நீரில் 100 கிராம் கல்சியம் நைத்திரேற்றைக் கரைத்து ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் ஒரு தரம் அலசினால் சரி. கடற்காற்று இலையில் உப்பைப் படிய வைக்கும் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பல்கனிகளில் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. இலை விளிம்பு கருகும்போது காற்றைக் குற்றம் சொல்வார்கள், பாதிக் குற்றம் சாடிக்குள் இருக்கும்.

அடுத்த குறை, தும்புச்சோற்றில் சத்து அநேகமாக இல்லை. அது மெல்ல உக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனையும் நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்வதால் கீழிலைகள் வெளிறும். அதனால் கலவை இப்படி: தும்புச்சோறு 2 பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு 2, மேல்மண் 1, உமிக்கரி 1. எலும்புத்தூளை அள்ளிப் போட வேண்டாம். பொசுபரசு மிஞ்சினால் செவ்வரத்தைக்கு இரும்புச்சத்து எட்டாது, குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

மாற்றும் முறை பெரிய வித்தையல்ல. முதல்நாள் நீர் ஊற்றுங்கள். சாடியைக் கவிழ்த்து எடுத்தபின் வட்டமாகச் சுற்றிய வேர் இருந்தால் அடியில் ஓர் அங்குலத்தை அறுத்து, பக்கங்களில் மூன்று நான்கு கீறல் போடுங்கள். கிளைகளில் மூன்றிலொன்றைக் கத்தரியுங்கள். தண்டு முன்பிருந்த ஆழத்துக்கு மேல் புதையக்கூடாது. துளைக்கு மேல் நுளம்பு வலைத் துண்டு ஒன்று போதும். அடியில் கல் நிரப்புவது நீரை வடிக்காது, வேருக்கான இடத்தைத்தான் குறைக்கும். பத்து நாள் நிழல். புதுத்தளிர் வந்த பிறகே அல்பர்ட் கரைசல் (நீரில் கரைத்து ஊற்றும் உரம்), அதுவும் பாதிச் செறிவில்.

மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் இதை முடித்துவிடுவது நல்லது. இந்தக் கலவை மேலே வெளிறிக் காய்ந்ததுபோலத் தெரியும், இரண்டு அங்குலம் கீழே சொதசொதவென்றிருக்கும். மேற்பரப்பை மட்டும் பார்த்து மேலும் நீர் ஊற்றினால் வேர் அழுகி மொட்டுகள் விரியாமலே உதிரும். விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். முதல் சில வாரம் சாடிக்குக் கீழே தட்டும் வையுங்கள்: வடியும் கபில நீர் கீழ்வீட்டுச் சுவரில் கறை விடும். தட்டில் தேங்கியதை அன்றன்றே கொட்டிவிடுங்கள், டெங்கு நுளம்புக்கு அவ்வளவு நீரே போதும்.