சிறைக்குள்ளா, வெளியிலா?

தமிழ்நாட்டில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்தவர்கள் பலர் கேட்பது: எந்த வேலைக்குப் போகலாம், சிறை நல அலுவலரா, நன்னடத்தை அலுவலரா (புரொபேஷன் ஆபீசர்)?

நல அலுவலருக்கு புழல், பாளையங்கோட்டை போன்ற மத்திய சிறைதான் உலகம். மனு போட்டுச் சந்திக்க யாரும் வராத கைதி, "வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதணும் சார்" என்று வந்து நிற்பார். அவருக்கு இவரை விட்டால் ஆள் இல்லை.

நன்னடத்தை அலுவலருக்கு அலைச்சல் அதிகம். 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றத்துக்காக 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புமுன் நீதிமன்றம் இந்த அலுவலரின் அறிக்கையைப் பார்க்க வேண்டும். அதற்காக அந்தப் பையனின் தெருவுக்கே போய், அம்மாவிடமும் வேலை கொடுத்தவரிடமும் பேச வேண்டும். சிறைக்குப் பதில் அந்தப் பையன் கண்காணிப்பில் விடப்பட்டால், அப்புறமும் அவனைத் தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.

நான் இரண்டாவதையே சொல்வேன். சிறைவாசல் மிதிக்குமுன்பே ஒருவரைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.