பீட்டா, வெறும் குரலா? ஆலோசனை அறையில் ராப்பும் ஸ்போக்கன் வேர்டும்

நாற்காலியில் உட்கார வைத்து "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் வாயே திறக்காத பிள்ளை, ஹெட்போனை மாட்டியதும் பேசிவிடும். பள்ளி ஆலோசகராக இருந்தபோது இயன் லெவி நியூயார்க்கின் பிராங்ஸில், ஹிப் ஹாப் பிறந்த அதே மண்ணில், மாணவர்களோடு சேர்ந்து பள்ளிக்குள்ளேயே ஒலிப்பதிவு அறை அமைத்ததும் இதை நம்பித்தான்.

ராப்பில் பீட், அதாவது பின்னால் ஓடும் தாள இசை, ஒரு மறைப்பு. கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாததை மைக்கிடம் சொல்லலாம். அளவும் சிறியது: நிமிடத்துக்கு 90 துடிப்புள்ள பீட்டில் 16 பார் (ஒரு பாருக்கு 4 துடிப்பு) என்பது சுமார் 43 விநாடி. பீட்டை மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆலோசகர் தன் ரசனையைத் திணித்தால் அது இன்னொரு வீட்டுப்பாடம்.

சிக்கல் ரைமில், வரிகளின் முடிவு ஓசை ஒத்துப்போவதில், வருகிறது. "ஜூனிலிருந்து அப்பா வீட்டுக்கு வரலை" என்று எழுதியவன், ரைம் சேரவில்லை என்று அதை அடித்துவிட்டு காருக்கும் தங்கச் சங்கிலிக்கும் தாவிவிடுவான். நமக்கு வேண்டியது அந்த அடித்த வரி. "இதை பீட் இல்லாம வாசிக்கிறியா?" என்று கேளுங்கள். ஸ்போக்கன் வேர்டு, அதாவது பீட் இல்லாமல் வெறும் குரலில் சொல்லும் கவிதை, அங்கே தொடங்குகிறது.

அதற்குத் தாளும் பேனாவும் போதும். நியூயோரிக்கன் கவிஞர்களைப் போல (நியூயார்க்கில் வாழும் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினர்) ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்து, வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதலாம். ஆனால் ஒளிய இடமில்லை. முதல் வாரமே கொடுத்தால் பலர் மிரண்டுவிடுவார்கள். ஸ்லாம் எனும் மேடைக் கவிதைப் போட்டியின் 3 நிமிடக் கெடுவையும், 5 நடுவர்கள் பத்துக்குப் போடும் மதிப்பெண்ணையும் இந்த அறைக்குள் விடவே கூடாது. துக்கத்துக்கு 6.5 வாங்கிய பிள்ளை அடுத்த முறை காயத்தைப் பெரிதாக்கிக் காட்டும்.

45 நிமிட வகுப்பில் பீட் தேர்வுக்கு 10, எழுத 15, பதிவுக்கு 10, பேச 10. ராப்பில் "இன்னொரு டேக்" அந்தக் கடைசிப் பத்தையும் விழுங்கிவிடும். கொதிப்போடு நேரே கணக்கு வகுப்புக்குப் போகும் பிள்ளை அங்கே வெடிக்கும். ஸ்போக்கன் வேர்டில் இந்தத் தொல்லை குறைவு.

ரகசியம் காப்பதிலும் தாள்தான் பத்திரம். ஒலிக்கோப்பு கைபேசிக்குக் கைபேசி பறக்கும். அமெரிக்க நீதிமன்றங்களில் ராப் வரிகளைச் சாட்சியமாக வைத்திருக்கிறார்கள். அதைக் கட்டுப்படுத்த கலிஃபோர்னியா 2022-இல் சட்டமே போட்டது. ஆகவே ஆள் பெயர், தெருப் பெயர் வேண்டாம்; கோப்பு ஆலோசகரின் கணினியிலேயே பூட்டியிருக்கட்டும். தற்கொலை எண்ணமோ வன்கொடுமையோ தெரிந்தால் மேலே சொல்லியாக வேண்டும் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அதற்காகத் துப்பாக்கி வரும் ஒவ்வொரு வரியையும் தலைமையாசிரியரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அது அந்தக் கலையின் வழக்கமான பேச்சு. முதலில் எழுதியவரிடம் கேளுங்கள்.

8 வாரக் குழு என்றால் முதல் 4 வாரம் ராப், பிறகு அதே வரிகளை பீட் இல்லாமல். இழப்பு நேர்ந்து ஒன்றிரண்டு சந்திப்புக்கு மட்டும் வருபவருக்கு நேரே ஸ்போக்கன் வேர்டு. மேடை கட்டாயமில்லை, ஏறுகிறவருக்கும், எந்த வரியை விட்டுவிடலாம் என்று அன்று காலைவரை மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டு.