உப்பில் கருகின புல்லுக்கு ஒரு மூட்டை ஜிப்சம்

எங்கள் வீடு கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில், பஸ் ஓடுகிற தெருவில். அதனால் ஸ்னோ கொட்டத் தொடங்கும்போதே, அதைக் கரைக்க றோட்டில் உப்புத் தூவுகிற லொறியும் வந்துவிடும். குறை சொல்லவில்லை, பிள்ளைகள் வழுக்கி விழாமல் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் ஏப்ரலில் பனி கரைந்தால் றோட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவில் உள்ள ஒன்பது மீற்றர் நீளப் புல்துண்டு வைக்கோலாகக் கிடக்கும். நிலம் சிற்றிக்கு, அதாவது நகரசபைக்குச் சொந்தம், புல்லு வெட்டுகிற வேலை மட்டும் எங்களுக்கு.

முதலில் இரண்டு வருசம் விதையை மட்டும் தூவினேன். கடையில் நின்ற பெடியன் எடுத்துத் தந்த பையில் முக்கால்வாசியும் கென்டக்கி புளூகிராஸ். வடிவான புல்தான், உப்பென்றால் முதலில் சாகிறதும் அதுதான். மூன்றாவது வருசம் குருணையாக வருகிற ஜிப்சம் வாங்கினேன், 18 கிலோ மூட்டை. கொம்பனிப் பெயர் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, எந்த மூட்டையைப் பிரித்தாலும் உள்ளே கல்சியம் சல்பேற்றுத்தான்.

அப்பா அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்றார். புல்லை அவர் பார்க்கவேயில்லை, குனிந்து மண்ணைக் கிள்ளினார். “பிள்ளை, இது உவரடிச்ச மண். எங்கையிருந்து உப்புக் கொண்டு வாறாங்கள்?” கொடறிச் என்கிற ஊரில் ஹியூரன் ஏரிக்கு அடியில் 500 மீற்றருக்கும் கீழே தோண்டி எடுக்கிறார்கள் என்றேன். ஆனையிறவில் வெயிலில் உப்பு விளைவதைப் பார்த்து வளர்ந்த மனிசன், நான் பகிடி விடுகிறேன் என்றே நினைத்தார்.

அவர் சொன்னது சரியா என்று பார்க்க, காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் கிளாசில் காய்ச்சி வடித்த தண்ணீருக்குள் மெதுவாக விட்டேன். குழாய்த் தண்ணீர் சரிவராது, அதில் ஏற்கெனவே கல்சியம் இருக்கும். கொஞ்ச நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போல ஒரு மங்கல் பரவியது. பின்வளவு மண்ணில் அது வரவில்லை. அப்பா சொன்னது சரிதான், அந்த மங்கல் மண்ணில் சோடியம் ஏறியதன் அடையாளம். உப்பில் உள்ள குளோரைட் மழையோடு போய்விடும், சோடியம் போகாது. களிமண் துகளில் இருந்த கல்சியத்தைத் தள்ளிவிட்டுத் தான் குந்திக்கொள்ளும். பிறகு துகள்கள் பிரிந்து சேறாகும், காய்ந்தால் ஓடு போல இறுகும். ஜிப்சம் கல்சியத்தைத் திரும்பக் கொண்டுவந்து சோடியத்தைக் கிளப்பும். கிளம்பிய சோடியத்தைக் கீழே கொண்டுபோவது தண்ணீர்.

இந்தக் கடைசி விசயத்தை மூட்டையில் பொடி எழுத்தில், ‘நன்கு நீர் ஊற்றவும்’ என்று ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள். அதில் கொடுத்த அளவுப்படி என் பதினொரு சதுர மீற்றருக்கு இரண்டு கிலோ போதும். தூவிவிட்டு மழை வரும் என்று இருந்தேன். இரண்டு கிழமையாகியும் குருணைகள் எறும்பு முட்டை மாதிரி அப்படியே கிடந்தன. பிறகுதான் கணக்குப் பார்த்தேன். ஒரு லீற்றர் தண்ணீரில் ஜிப்சம் இரண்டரைக் கிராம் அளவுதான் கரையும். இரண்டு கிலோவுக்கு 800 லீற்றர் வேண்டும்! எங்கள் வெளிக்குழாயில் 20 லீற்றர் வாளி நிரம்ப ஒன்றரை நிமிசம் பிடிக்கிறது, ஆக மொத்தம் ஒரு மணித்தியாலத் தண்ணீர். ஒரேயடியாக விட்டால் றோட்டுக்கு ஓடிவிடும். மண் கிளறுகிற தோட்ட முள்ளால் நிலத்தைக் குத்தி ஓட்டை போட்டு, பத்துப் பின்னேரம், ஒவ்வொரு நாளும் ஆறு நிமிசம் விட்டோம். அப்பாதான் குழாய் பிடித்தார். “மருந்து கிடக்கட்டும், மாரி மழை கழுவுற மாதிரிக் கழுவ வேணும்” என்றார்.

ஓகஸ்ட் கடைசியில் அதே கிளாஸ் பரிசோதனையைத் திரும்பச் செய்தேன். மங்கல் இருந்தது, ஆனால் மெல்லிய வளையம் மட்டும். அந்தக் கிழமையே கொம்போஸ்ட் ஒரு விரல் தடிப்புக்குப் போட்டு, உப்பைக் கொஞ்சம் தாங்குகிற டோல் ஃபெஸ்கியூ புல் விதை தூவினேன். இந்த ஏப்ரலில் முக்கால் பங்கு பச்சையாக எழும்பியது.

குறைகளும் உண்டு. மூட்டையின் முகப்பில் ‘களிமண்ணை இளக்கும்’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. சோடியம் ஏறாத பின்வளவிலும் ஒரு மூலையில் போட்டுப் பார்த்தேன், மண் அசையவில்லை. செத்த புல்லையும் இது எழுப்பாது, விதை வேறாக வாங்க வேண்டும். ஒவ்வொரு மாரியிலும் புது உப்பு வருவதால் வசந்தத்தில் திரும்பப் போடத்தான் வேண்டும். குருணை என்றாலும் அடியில் பாதி மாவு, காற்றடித்தால் மூக்குக்குள் போகிறது. சின்னப் பையாக எங்கள் கடையில் விற்பதில்லை. மிச்சம் கராஜில் ஈரம் பிடித்துக் கட்டியாகிக் கிடக்கிறது, சுத்தியலால் உடைத்துத்தான் இந்த வருசம் போட்டேன்.

ஐந்தில் மூன்றரை கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரோடு பாதிப் பாதியாக வாங்கினால் நாலு.

கார் ஏறுகிற வாயில், ஸ்னோ தள்ளுகிற வண்டி குவித்துவிட்டுப் போகும் இடம் மட்டும் இன்னும் மொட்டைதான். அங்கே புல்லை விட்டுவிட்டுக் கூழாங்கல் கொட்டப் போகிறேன். சிற்றி அனுமதிக்குமா என்று முதலில் கேட்க வேண்டும்.