ரவுண்ட் பேலர்: புதிதா, பழையதா?

டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, காய்ந்த புல்லையும் வைக்கோலையும் உருளைக் கட்டுகளாகச் சுற்றும் எந்திரம்தான் ரவுண்ட் பேலர். அது வருடத்தில் பெரும்பாலான நாட்கள் கொட்டகையில்தான் நிற்கும். வேலை வந்தால் மொத்தமும் ஒரே வாரத்தில் வந்து சேரும். டிராக்டர் ஒரு நாள் நின்றால் உழவை மறுநாளைக்குத் தள்ளிவிடலாம். காய்ந்த புல் வரிசையாகத் தரையில் கிடக்கிறது, வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, அந்த நேரத்தில் பேலரில் ஒரு பேரிங் போனால் தள்ளிப்போட நாள் கிடையாது. அதனால் புதியதையும் பழையதையும் ஒப்பிடும்போது நான் விலையில் ஆரம்பிப்பதில்லை. கெட்டுப்போனால் அன்றைக்கே யார் சரிசெய்வது என்பதுதான் என் முதல் கேள்வி. சொந்தக் கையில் ஸ்பானர் பிடித்துப் பழகியவருக்கும், மெக்கானிக்குக்குப் போன் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே பேலர் பொருந்தாது.

சரி, விலைக்கும் வருவோம். புதியது 100 பங்கு, ஓரளவு ஓடிய நல்ல பழையது 40 பங்கு என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வருடம் ஓட்டிவிட்டு விற்கும்போது புதியதற்கு 45, பழையதற்கு 15 கிடைக்கிறது என்று வைப்போம். புதியதில் கரைந்தது 55, பழையதில் 25. வாங்கிய அன்று 60 பங்கு மிச்சம் என்று தோன்றியது, கடைசியில் பார்த்தால் 30தான். அந்த 30ம் லாபம் இல்லை. மாற்றப்போகிற பெல்ட், செயின், ரோலர், பேரிங், வேலை நின்ற நாட்கள் எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பழைய பேலர் வாங்குகிறவர் அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். வேறு செலவுக்குப் போய்விட்டால் முதல் பெரிய ரிப்பேரிலேயே வண்டி படுத்துவிடும்.

இதே 30 பங்கைக் கட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். வருடத்துக்கு 300 கட்டு என்றால் எட்டு வருடத்தில் 2,400. எண்பது கட்டுக்கு ஒரு பங்கு வித்தியாசம் வருகிறது, சின்ன விஷயம் இல்லை. வருடத்துக்கு 2,000 கட்டு என்றால் மொத்தம் 16,000. ஐந்நூறு கட்டுக்கும் மேல் ஓட்டினால்தான் ஒரு பங்கு வித்தியாசம். அவ்வளவு ஓட்டத்தில் பழையதின் ரிப்பேர் செலவும் தாறுமாறாக ஏறும். புதியதற்கும் அப்போது 45 பங்கு கிடைக்காது என்பது உண்மைதான். இருந்தாலும் கணக்கு சாயும் பக்கம் தெரிகிறது. கொஞ்சமாகக் கட்டுகிறவருக்குப் பழையது, வாடகைக்கு ஓடுகிறவருக்குப் புதியது. கடன் வாங்கிப் புதியது எடுப்பவர் வட்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புதியது என்றால் தொல்லையே இருக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். புது பேலரின் உள்பக்கத் தகட்டில் பெயிண்ட் இருக்கும். புல் உரசி உரசி அந்தப் பெயிண்ட் போய்த் தகடு பளபளப்பாகும்வரை முதல் சில கட்டுகள் சரியாகச் சுழலாமல் அடைத்துக்கொள்வது உண்டு. புது பெல்ட்டும் கொஞ்சம் நீண்டு, திரும்ப ஒருமுறை சரிபார்க்கச் சொல்லும். வாரண்டி பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்குத்தான், தேய்கிற பாகங்களுக்கு இல்லை. வாடகைக்கு ஓட்டினால் வாரண்டிக் காலம் குறைந்துவிடுவதும் உண்டு. அந்தத் தாளை வாங்குவதற்கு முன்னாலேயே படியுங்கள். ஆனாலும் புதியதில் ஒரு நிம்மதி உண்டு: இதற்கு முன் இதை யார் எப்படி ஓட்டினார் என்ற கவலை இல்லை. கிரீஸ் வைக்காமல் ஒரு சீசன் ஓட்டிய ஆள் யாராவது இருந்தால், அது நீங்கள்தான்.

பெரும்பாலானவர்கள் சிக்குவது இன்னொரு இடத்தில். ஒரே பணத்துக்குச் சாதாரணப் புது பேலர் ஒன்றும், வசதிகள் நிறைந்த பழைய பேலர் ஒன்றும் கிடைக்கும். புதியது சேம்பர், அதாவது கட்டு உருவாகும் அறை, மாறாத வகை: சுற்றிலும் ரோலர்கள், கட்டின் அளவு ஒன்றுதான். பழையது பெல்ட் வகை, கட்டு பெருகப் பெருக அறையும் பெருகும், வேண்டிய அளவில் நிறுத்திக்கொள்ளலாம். பெல்ட் வகையில் நடுவிலிருந்தே இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு வரும். மாறாத சேம்பரில் அறை நிறைந்த பிறகுதான் இறுக்கம் ஏறும், நடுப்பகுதி தொளதொளவென்று இருக்கும். இதைக் குறை என்று உடனே ஒதுக்கிவிட வேண்டாம். புல் கொஞ்சம் ஈரமாகக் கட்டப்பட்டுவிட்டால் அந்தத் தளர்ந்த நடுப்பகுதி வழியாகக் காற்று போய்வரும். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டிய புல்லை இறுக்கமாகச் சுற்றி அடுக்கி வைத்தால் உள்ளே சூடேறும், பூஞ்சை பிடிக்கும், தீப்பற்றிய கதைகளும் உண்டு. ஆனால் வெட்டவெளியில் மழையைத் தாங்கி நிற்க வேண்டிய கட்டுக்கு இறுக்கம்தான் காப்பு.

என் ஓட்டு? பழைய பேலர் வாங்கத்தான் போகிறோம் என்றால் ரோலர் வகை. பெல்ட் வகையில் தேய்கிறது, கிழிகிறது, இணைப்பு விட்டுப்போகிறது, நீளம் மாறிப் பக்கத்தில் ஏறுகிறது என்று பெல்ட் கதை முடியவே முடியாது. ரோலர் வகையில் பேரிங்கும் செயினும்தான் முக்கியத் தலைவலி, இரண்டும் அளவு சொன்னால் கடையில் கிடைக்கிற சாமான்.

கட்டு அவிழாமல் மேலே சுற்றுவது நூலா வலையா என்பதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. நூல் என்றால் ஒரு கட்டுக்குப் பத்துப் பதினைந்து சுற்றுக்கு மேல் வேண்டும், அதுவரை டிராக்டர் நின்ற இடத்தில் நிற்கும். வலை இரண்டு மூன்று சுற்றில் முடிந்துவிடும். 5 அடி விட்டமுள்ள கட்டில் வெளிப்பக்க 6 அங்குலத்தில் மட்டும் மொத்தப் புல்லில் 36 சதவீதம் இருக்கிறது, வட்டக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். மழையில் வீணாவது அந்த ஓரம்தான், வலை அதை ஓரளவு காப்பாற்றும். மாட்டுக்குப் போடும் முன் வலையை முழுசாக உருவி எடுக்க வேண்டும் என்பது இதிலுள்ள ஒரு வேலை. நூல் மட்டும் உள்ள புதியதா, வலை உள்ள பழையதா என்றால், நிறையக் கட்டுகிறவர் வலையைத்தான் விரும்புவார்.

பழையது என்று முடிவானால் தயாரித்த ஆண்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1947இல் கொண்டுவந்த ரோட்டோ பேலரைக்கூடச் சேகரிப்பாளர்கள் இன்றும் ஓட்டிப் பார்க்கிறார்கள். எத்தனை கட்டு, எந்தப் பயிர் என்று கேளுங்கள். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், உப்புத்தாள் மாதிரி இரும்பைத் தேய்க்கும். 5,000 கட்டு நெல் வைக்கோல் பார்த்த பேலரும் 5,000 கட்டு புல் பார்த்த பேலரும் ஒன்றல்ல. மானிட்டர் காட்டும் எண்ணிக்கையை அப்படியே நம்பவும் கூடாது, மானிட்டரையே மாற்றியிருக்கலாம். இரும்பைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உள்பக்கத் தகடு பளபளவென்று இருந்தால் நல்லது, நெளிந்தோ ஓட்டை விழுந்தோ இருந்தால் விட்டுவிடுங்கள். பல்சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கமாகக் கொக்கி போல வளைந்திருந்தால் செயினையும் சக்கரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ரோலருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் காலி. பேரிங்கைச் சும்மா விட்டிருந்தால் அது உட்காரும் இடமும் தேய்ந்திருக்கும், அதுதான் பெரிய செலவு. பாரம் அதிகமானால் தானே உடைந்து மற்ற பாகங்களைக் காப்பாற்றும் ஷியர் போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கடினமான சாதாரண போல்ட் மாட்டியிருந்தால் முந்தைய ஆள் எப்படிப்பட்டவர் என்று புரிந்துவிடும். உடைய வேண்டிய போல்ட் உடையாததால் உள்ளே வேறு எது உடைந்தது என்று தேடுங்கள். டிராக்டரின் சுழற்சியைப் பேலருக்குக் கொண்டுவரும் பி.டி.ஓ. தண்டின் மேல்மூடி, பின்கதவைத் தூக்கிய நிலையில் நிறுத்தும் பூட்டு இரண்டும் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பின்கதவுக்கு அடியில் நின்று வேலை பார்க்கும்போது அந்தப் பூட்டுதான் உயிரைக் காப்பது. டிராக்டரின் குதிரைத்திறன், ஹைட்ராலிக் இணைப்புகள் இதற்குப் பொருந்துமா என்பதையும் அங்கேயே முடித்துவிடுங்கள்.

அப்புறம், கொட்டகையில் நிற்கிற பேலரைப் பார்த்து விலை பேசாதீர்கள். உங்கள் டிராக்டரை மாட்டிப் பத்துக் கட்டாவது கட்டிப் பார்க்கக் கேளுங்கள். பத்தாவது கட்டு விழுந்ததும் பி.டி.ஓ.வையும் எஞ்சினையும் நிறுத்திவிட்டு, தூரத்திலிருந்தே சூடு காட்டும் தெர்மாமீட்டரை ஒவ்வொரு பேரிங்கின் பக்கமும் காட்டுங்கள். மற்றதெல்லாம் ஒரே சூட்டில் இருக்க, ஒன்று மட்டும் கொதித்தால் அடுத்து போகப்போவது அதுதான். அதை மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை சொல்லுங்கள். பத்துக் கட்டு கட்ட நேரமில்லை என்று விற்பவர் சொன்னால், வேறு பேலரைப் பார்க்கக் கிளம்பிவிடுவேன் நான்.