பெர்லின் எதிர்ப்பியக்க நினைவு மையம்: குண்டு வெடித்த பிறகு நடந்தவை

1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சியைப் பற்றிப் படித்தவர்களில் பலருக்கும் குண்டு வெடித்தது வரைதான் நினைவிருக்கும். அதற்குப் பின் நடந்ததை, நடந்த கட்டடத்திலேயே வைத்துச் சொல்வதுதான் ஸ்டாஃபன்பெர்க் தெருவில் உள்ள ஜெர்மன் எதிர்ப்பியக்க நினைவு மையத்தின் தனிச்சிறப்பு. அனுமதி இலவசம். இன்றும் பாதுகாப்பு அமைச்சகம் இயங்கும் அந்த வளாகத்தின் முற்றத்தில், கைகள் கட்டப்பட்ட இளைஞனின் வெண்கலச் சிலை நிற்கிறது. குண்டு வைத்த ராணுவ அதிகாரி ஸ்டாஃபன்பெர்க், உடன் சதி செய்த தளபதி ஓல்பிரிக்ட் உள்ளிட்ட நால்வரை அன்றிரவு சுட்டுக்கொன்றது இங்கேதான். சுட உத்தரவிட்ட தளபதி ஃப்ரோம் சதியை முன்பே அறிந்திருந்தவர். சாட்சிகளை ஒழித்தும் அவர் தப்பவில்லை. 1945 மார்ச்சில் நாஜிகள் அவரையும் சுட்டுக்கொன்றார்கள்.

துனிசியாவில் வலக்கையையும் இடக்கையின் இரு விரல்களையும் இழந்திருந்த ஸ்டாஃபன்பெர்க்கால், இருந்த அவசரத்தில் இரண்டு வெடிபொதிகளில் ஒன்றைத்தான் தயார்செய்ய முடிந்தது. அது இருந்த பெட்டியை இன்னொரு அதிகாரி ஹிட்லரின் ஆலோசனைக் கூட்ட மேசையின் தடித்த காலுக்கு அப்பால் நகர்த்திவிட, நால்வர் இறந்தும் ஹிட்லர் பிழைத்தார். பெர்லினில் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸின் தொலைபேசி வழியாக, அங்கிருந்த காவற்படையின் தலைவர் மேஜர் ரெமர் ஹிட்லரின் குரலையே கேட்டு அவர் உயிரோடிருப்பதை அறிந்ததும், சதியாளர்கள் தொடங்கியிருந்த ஆட்சிக்கவிழ்ப்பு ஆட்டம் கண்டது. உள்நாட்டுச் சேமப்படை எஸ்.எஸ். படைத்தலைவர் ஹிம்லரின் கைக்குப் போனது, ராணுவத்தில் நாஜி வணக்கம் கட்டாயமானது, சதியாளர்களின் மனைவி மக்களும் சிறைப்பட்டார்கள். ஹிட்லரின் பிடி இன்னும் இறுகியதுதான் கண்ட பலன்.

இதை ராணுவ அதிகாரிகளின் வீரக்கதையாக மட்டும் சுருக்காதது எனக்குப் பிடித்திருந்தது. 1939 நவம்பர் 8 அன்று மியூனிக்கில் தனியாளாகக் குண்டு வைத்து, அது வெடிப்பதற்கு 13 நிமிடம் முன்னதாக ஹிட்லர் கிளம்பியதால் தோற்ற தச்சர் எல்சருக்கும் இங்கே இடம் உண்டு. அந்தப் பகுதியைத் தவறவிடாதீர்கள்.

பொருள்களைவிட ஆவணங்களும் புகைப்படங்களுமே மிகுதி என்பதால் நிறையப் படிக்க வேண்டியிருக்கும். ஜெர்மனோ ஆங்கிலமோ வாசிக்கத் தெரிந்தால்தான் முழுப்பயன், சிறுபிள்ளைகளுக்கு அலுத்துவிடும். சதியாளர்களைத் துரோகிகள் என்று தூற்றிய அதே ரெமரை, 1952இல் அரசு வழக்கறிஞர் ஃபிரிட்ஸ் பாயர் பிரவுன்ஷ்வைக் நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டனை வாங்கித்தந்ததை முன்பே படித்துவிட்டுப் போவது நல்லது. கூடுதலாக அரைநாள் கிடைத்தால், சதியாளர்கள் பலர் தூக்கிலிடப்பட்ட பிளோட்சன்சே நினைவிடத்தையும் சேர்த்துத் திட்டமிடலாம்; அதையும் இதே மையம்தான் பராமரிக்கிறது.