பிஎம்டிஜி டிசி-6: நான்கு இன்ஜின்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கலை

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் பழைய பிஸ்டன் இன்ஜின் பயணிகள் விமானம் ஒன்றை உருப்படியாக ஓட்டிப் பழக வேண்டும் என்று யார் கேட்டாலும், பிஎம்டிஜி நிறுவனத்தின் டிசி-6 பக்கம்தான் கை காட்டுவேன். எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டருக்கு 2016இலும் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு 2021 ஜூனிலும் வந்த, தனியாக வாங்கிச் சேர்க்கும் மென்பொருள் விமானம் இது. பயணிகள் ரகமான டிசி-6பி, சரக்கு ரகமான டிசி-6ஏ இரண்டும் உண்டு. விமானி அறையின் தேய்ந்த பெயின்ட், இன்ஜின் சத்தம், வெளித்தோற்றம் எல்லாமே நன்றாக இருக்கின்றன. ஆனால் காசு கொடுப்பது அதற்காக அல்ல. இறக்கையில் தொங்கும் நான்கு பிராட் அண்ட் விட்னி ஆர்-2800 இன்ஜின்களுக்காக.

வாங்கியவர்களிடம் அதிகம் கேட்கும் புகார் ஒன்றுதான்: "ஏறி ஐந்து நிமிடத்தில் இன்ஜின் போய்விட்டது." பெரும்பாலும் அது மென்பொருளின் கோளாறு அல்ல. ஜெட் பழக்கத்தில், சக்தியைக் கூட்டும் லீவரான த்ராட்டிலை முட்டும்வரை தள்ளியதன் விளைவு. ஆர்-2800, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் பொருத்தப்பட்ட 18 சிலிண்டர் இன்ஜின். கடல்மட்டத்தில் த்ராட்டிலை முழுக்கத் திறந்தால் அது தாங்கும் அளவைத் தாண்டி மேனிஃபோல்ட் பிரஷர், அதாவது சிலிண்டர்களுக்குள் போகும் காற்றின் அழுத்தம், ஏறிவிடும். லீவர் எங்கே நிற்கிறது என்பதற்கு இந்த விமானத்தில் அர்த்தமே கிடையாது. மீட்டர்கள் என்ன சொல்கின்றன என்பதுதான் கணக்கு.

அந்த மீட்டர்களில் முக்கியமானது பிஎம்இபி. சிலிண்டருக்குள் பிஸ்டனைத் தள்ளும் சராசரி அழுத்தத்தை டார்க் எனும் சுழல்விசை மூலம் அளந்து காட்டும் மீட்டர் இது. இந்த இன்ஜினுக்குக் கணக்கு எளிது: பிஎம்இபியை ஆர்பிஎம்மால், அதாவது நிமிடத்துக்கான சுற்றுகளால், பெருக்கி 283ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். 2,800 ஆர்பிஎம்மில் 242 காட்டினால் ஏறக்குறைய 2,400 குதிரைத்திறன். பயண உயரத்தில் 2,100 ஆர்பிஎம், 148 பிஎம்இபி என்றால் 1,100. ஒரு துண்டுத் தாளில் நான்கைந்து ஜோடிகளை எழுதி வைத்துக்கொண்டால் கையேட்டின் அட்டவணைகள் பாதி புரிந்துவிடும். ஒரு இன்ஜின் நோகத் தொடங்கினால் முதலில் காட்டிக்கொடுப்பதும் இந்த மீட்டர்தான். மூன்று முள்கள் ஒன்றாக நிற்க, நான்காவது மட்டும் ஐந்து பத்து இறங்கினால் உடனே அந்த இன்ஜினின் வெப்பத்தையும் எண்ணெய் அழுத்தத்தையும் பாருங்கள்.

பறப்பதற்கு முன் சிமுலேட்டரில் செய்ய வேண்டியவை சில உண்டு. உதவி அமைப்புகளில் தானியங்கி மிக்சரை (பெட்ரோல்-காற்றுக் கலவைக் கட்டுப்பாட்டை) அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் விமானத்தின் சொந்த மிக்சர் கணக்கோடு மோதும். த்ராட்டில் அச்சின் பட்டையைத் திரையில் பார்த்தபடி லீவரை மெதுவாக நகர்த்துங்கள். பட்டை துள்ளினால் லீவரின் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் அழுக்காகியிருக்கிறது. ஜெட்டில் பொருட்படுத்தத் தேவையில்லாத அந்தத் துள்ளல், இங்கே கண்ணிமைக்கும் நேரத்தில் அழுத்தம் எல்லை மீறும் ஓவர்பூஸ்ட் ஆகும். புரோப்பல்லருக்கு நான்கு அச்சு தேடி அலைய வேண்டாம். நிஜ விமானத்திலேயே நான்குக்கும் சேர்த்து ஒரே ஒரு மாஸ்டர் லீவர்தான். தனித்தனியாகத் திருத்தச் சின்ன சுவிட்சுகள் இருக்கும். ஆகவே த்ராட்டிலுக்கு இரண்டு அல்லது நான்கு லீவர், புரோப்புக்கு ஒன்று, மிக்சருக்கு ஒன்று போதும்.

இன்ஜின் ஸ்டார்ட்தான் இந்தத் தயாரிப்பின் மிக அழகான பகுதி. வரிசை 3, 4, 2, 1. தேர்வுக் குமிழை 3இல் வைத்து, ஸ்டார்ட்டரையும் பாதுகாப்பு சுவிட்சையும் சேர்த்து அழுத்திப் பிடித்து, ஜன்னல் வழியே பிளேடுகளை எண்ண வேண்டும். சும்மா சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். நட்சத்திர வடிவ இன்ஜின் நின்றுகொண்டிருக்கையில் எண்ணெய் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். திரவம் அமுங்காது, அந்த நிலையில் தீப்பற்ற வைத்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். புரோப் ஒரு சுற்று சுற்றும்போது கிராங்க் இரண்டு சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றுகிறது. எனவே மூன்று பிளேடு கடப்பதற்குள் எல்லாச் சிலிண்டர்களும் ஒருமுறை அமுக்கத்தைத் தாண்டிவிடும். ஆறு எண்ணினால் இரண்டு முறை. அதன்பிறகே தீப்பொறி தரும் மேக்னெட்டோவை 'போத்'தில் வைத்து, ஸ்டார்ட்டுக்கான பெட்ரோலைப் பாய்ச்சும் பிரைமரை அழுத்த வேண்டும். மிக்சர் இதுவரை கட்-ஆஃபில்தான் இருக்கும். பிரைமர் பெட்ரோலிலேயே இன்ஜின் இருமி, புகைவிட்டு, சீராக ஓடத் தொடங்கியதும் மிக்சரைப் பெட்ரோல் அதிகமுள்ள ஆட்டோ ரிச்சுக்குக் கொண்டுவந்து, அதன் பின்னரே பிரைமரை விடுங்கள். மிக்சரை முன்கூட்டியே திறந்தால் இன்ஜின் பெட்ரோலில் மூழ்கிப் பிடிக்காது. பிரைமரைச் சீக்கிரம் விட்டால் இரண்டு இருமலோடு நின்றுபோகும். ஸ்டார்ட் ஆகாமல் தவிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்துகொண்டிருப்பார்கள்.

நான்கும் ஓடிய பிறகு எண்ணெய் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் வரும்வரை காத்திருங்கள். கௌல் ஃப்ளாப்களை, அதாவது இன்ஜின் உறையின் காற்று மடல்களை, தரையில் முழுக்கத் திறந்தே வைக்க வேண்டும். சீக்கிரம் சூடாகட்டும் என்று மூடினால், சிலிண்டர் தலை மீட்டர் காட்டாத இடத்தில், பற்றவைப்புக் கம்பிகள் வெந்துபோகும்.

டேக்-ஆஃபில் ஏடிஐ என்ற, இன்ஜினுக்குள் நீர்-மெத்தனால் பீய்ச்சும் ஏற்பாட்டைப் புரிந்துகொள்வது அவசியம். தண்ணீர் கூடுதல் சக்தி தருகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். நீர் பாயாதபோது, சிலிண்டருக்குள் கலவை தானாக வெடிக்காமல் இருக்க இன்ஜின் தேவைக்கு அதிகமாகப் பெட்ரோலைக் குடிக்கிறது. குளிர்விக்கும் அந்த வேலையைத் தண்ணீர் எடுத்துக்கொண்டதும், கார்புரேட்டர் கலவையைத் தானே மெலிதாக்கி அதிகபட்ச சக்தி தரும் விகிதத்துக்கு வருகிறது. அழுத்தத்தையும் கூட்ட முடிகிறது. தண்ணீரோடு மேனிஃபோல்ட் பிரஷர் ஏறக்குறைய 60 அங்குலம்வரை (பாதரச அளவில்) போகலாம். ஏடிஐ சுவிட்சை மறந்துவிட்டு அதே 60க்குத் தள்ளினால் சிலிண்டருக்குள் நடப்பது வெறும் சம்மட்டி அடிதான். ஆகவே ஓடுபாதையில் நிற்கும்போதே ஏடிஐ அழுத்தம் நான்கிலும் வந்திருக்கிறதா, நின்றுபோன இன்ஜினின் புரோப் பிளேடுகளைத் தானாகக் காற்றுக்கு நேராகத் திருப்பும் ஆட்டோஃபெதர் தயாரா, இறக்கை ஃப்ளாப் 20 டிகிரியா என்று பார்த்துவிடுங்கள். பிரேக்கைப் பிடித்தபடி 30 அங்குலம், நான்கும் சமமா என்று ஒரு பார்வை, பிறகு மெதுவாக மீதி. முழு சக்திக்கு இரண்டு நிமிடம்தான் அனுமதி. சக்கரம் உள்ளே போனதும் 2,600 ஆர்பிஎம் அளவுக்கு, அதாவது டேக்-ஆஃப் தவிர்த்த அதிகபட்ச சக்தியான மெட்டோவுக்கு, இறங்கிவிட வேண்டும்.

இதையெல்லாம் ஒரே ஆள் எப்படிச் செய்வது? அமெரிக்காவில் 1948இல் வந்த விதி, 80,000 பவுண்டுக்கு மேற்பட்ட நான்கு இன்ஜின் விமானங்களில் ஃப்ளைட் இன்ஜினியர் கட்டாயம் என்றது. டிசி-6இல் அவருக்குத் தனி மேசை கிடையாது. இரண்டு விமானிகளுக்கும் நடுவே மடக்கு இருக்கையில் முன்னோக்கி உட்கார்ந்து அதே சுவிட்சுகளைத்தான் இயக்கினார். அந்த அமைப்பு வீட்டு சிமுலேட்டருக்கு நல்லதாய்ப் போயிற்று: எல்லாமே கைக்கெட்டும், கண்ணுக்குத் தெரியும். கூடவே பிஎம்டிஜி ஒரு செயற்கை இன்ஜினியரையும் தந்திருக்கிறது. மெனுவில் பயணத்தின் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் சரிபார்ப்புப் பட்டியலைக் குரலோடு முடிப்பார். ஸ்டார்ட், டேக்-ஆஃப் சக்தி, மெட்டோ, ஏற்றம், பயணம் எல்லாவற்றையும் சொன்னபடி வைப்பார்.

இந்த இன்ஜினியரை முழுக்க ஒதுக்கவும் வேண்டாம், முழுக்க நம்பியிருக்கவும் வேண்டாம் என்பது என் கருத்து. முதல் சில பயணங்களில் அவரையே செய்யவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு எந்த சுவிட்ச் எப்போது நகர்கிறது என்று மட்டும் பாருங்கள். இதைவிட நல்ல பாடம் கையேட்டில் இல்லை. அடுத்து ஸ்டார்ட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பயண சக்தியும் மிக்சரும். டேக்-ஆஃப் சக்தியைக் கடைசியாக. குறை என்றால் அவருடைய வேகம். பட்டியலை நிதானமாகத்தான் முடிப்பார், இடையில் நீங்கள் ஒரு சுவிட்சைத் தொட்டால் யார் எதைச் செய்கிறோம் என்ற குழப்பம் வரும். அவர் வேலை செய்யும்போது கையைக் கட்டிக்கொள்வதே நல்லது.

மேலே போனதும் மிக்சர் வேலை. ஆட்டோ ரிச்சிலேயே பறந்தால் விமானம் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். கையால் மெலிதாக்கும் முறை இது: பயண சக்தியை வைத்து வேகமும் வெப்பமும் நிலைத்த பிறகு, ஒவ்வொரு இன்ஜினாக மிக்சரைப் பின்னுக்கு இழுங்கள். பிஎம்இபி முதலில் லேசாக ஏறி உச்சத்தைத் தொடும், பிறகு இறங்கும். உச்சத்திலிருந்து 10 முதல் 12 வரை இறங்கியதும் நிறுத்தி, இழந்ததைத் த்ராட்டிலால் மீட்டுக்கொள்ளுங்கள். வேகம் நிலைக்கும் முன்பே அவசரப்பட்டால் உச்சம் எது என்றே தெரியாது. பயணத்தில் சிலிண்டர் தலை வெப்பம் 232 டிகிரியைத் தாண்டக் கூடாது. டேக்-ஆஃபில் எல்லை 260.

சூப்பர்சார்ஜரின் இரண்டாவது வேகமான ஹை புளோயரைப் பலர் உயரம் பார்த்து மாற்றுகிறார்கள். த்ராட்டில் முழுக்கத் திறந்தும் தேவையான பிஎம்இபி வராதபோது மட்டும் மாற்றுங்கள். சூப்பர்சார்ஜரின் அந்தக் காற்றுச் சக்கரத்தைச் சுழற்றவே இன்ஜின் தன் சக்தியில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது, உள்ளே போகும் காற்றும் சூடாகிறது. மாற்றும்போது த்ராட்டிலை நன்றாகக் குறைத்து, இரண்டு இரண்டு இன்ஜின்களாக மாற்றுவது பத்திரம்.

பெட்ரோல் டேங்குகள் பற்றி ஒரு விஷயம். டேக்-ஆஃபும் தரையிறக்கமும் மெயின் டேங்கில், இடையில் ஆல்டர்னேட் டேங்கில். எப்போதும் டேங்கிலிருந்து நேராக இன்ஜினுக்குத்தான். டேங்கிலிருந்து டேங்குக்கு மாற்றுவதில் என்ன ஆபத்து என்பதை 1947 அக்டோபர் 24 காட்டியது. யுனைடெட் நிறுவனத்தின் டிசி-6 ஒன்றில் நிரம்பி வழிந்த பெட்ரோல் காற்றுக்குழாய் வழியே வெளியேறி, கேபின் ஹீட்டரின் காற்று வாயில் புகுந்து தீப்பிடித்தது. யூட்டாவின் பிரைஸ் கேன்யன் அருகே 52 பேரும் இறந்தார்கள். சில வாரங்களில் இன்னொரு விமானத்திலும் தீ பிடிக்கவே, டிசி-6 விமானங்கள் 1948 மார்ச் வரை தரையிலேயே நிறுத்தப்பட்டு, திருத்தப்பட்ட பிறகே பறந்தன. விமானி அறையில் அந்த டேங்க் லீவர்களைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஆட்டோபைலட் பழைய ஸ்பெர்ரி ரகம். உயரத்தை முன்கூட்டிச் சொல்லி வைக்க முடியாது. நீங்களே சமநிலைக்குக் கொண்டுவந்து, டிரிம் செய்து, பிறகு உயரப் பிடிப்பைப் போட வேண்டும். டிரிம் செய்யாமல் இணைத்தால் மூக்கு துள்ளும். விஓஆர், ஏடிஎஃப் ஆகிய பழைய ரேடியோ வழிகாட்டிகள் போதாது என்பவர்களுக்கு ஜிபிஎஸ் வசதியும் இருக்கிறது. காலத்துக்கு உண்மையாகப் பறக்க விரும்பினால் அதைத் தவிர்க்கலாம். சிமுலேட்டரோடு வரும் டிசி-3 எளிதானது, வால் சக்கரம் பழக நல்லது. ஆனால் இன்ஜினை வதைத்தால் இந்த அளவுக்கு அது திருப்பிக் கேட்பதில்லை.

இறங்குவதில்தான் அனுபவசாலிகளும் இன்ஜினைக் கெடுக்கிறார்கள். விதி: ஆர்பிஎம்மை நூறால் வகுத்து வரும் எண்ணுக்குக் கீழே மேனிஃபோல்ட் பிரஷரை விடாதீர்கள். 2,000 ஆர்பிஎம் என்றால் 20 அங்குலம். அதற்குக் கீழே போனால் காற்று புரோப்பைச் சுழற்ற, புரோப் இன்ஜினை இழுக்கும். மற்ற கனெக்டிங் ராட்கள் இணையும் மாஸ்டர் ராடின் பேரிங்கில் தவறான பக்கத்தில் சுமை ஏறும். அதனால் இறக்கத்தைச் சீக்கிரமே தொடங்க வேண்டும். 18,000 அடியிலிருந்து 2,000 அடிக்கு நிமிடத்துக்கு 500 அடி வீதம் 32 நிமிடம்; 240 நாட் வேகத்தில் 128 கடல்மைல். வெளி இன்ஜின்கள் இரண்டும்தான் கேபின் அழுத்தத்துக்கான காற்றைத் தருகின்றன, எனவே அவற்றின் ஆர்பிஎம்மை அதிகம் குறைத்தால் கேபினுக்குள் அழுத்தமும் குறையத் தொடங்கும்.

ஃப்ளாப் முழுக்க 50 டிகிரிக்கு வந்த பிறகு த்ராட்டிலை ஒரேயடியாக மூடாதீர்கள். இறக்கையின் பெரும்பகுதி மீது புரோப் காற்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அது நின்றால் விமானம் பொத்தென்று விழும். ஓடுபாதை விளிம்பைத் தாண்டியதும் சிறிது சிறிதாகக் குறைத்து, மூக்குச் சக்கரம் தரையில் பதிந்த பிறகே, புரோப்பை எதிர்த்திசையில் தள்ளவைக்கும் ரிவர்ஸ்.

பார்க்கிங்கில் மிக்சரைக் கட்-ஆஃப் செய்த கையோடு மெனுவின் பராமரிப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இன்ஜின்களின் தேய்மானம் அடுத்த பயணத்துக்கும் தொடரும். பழுதைச் சரிசெய்யும் முன் எந்த இன்ஜின் அதிகம் அடிவாங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒன்றுபோல் தேய்ந்திருந்தால் டேக்-ஆஃப் அழுத்தத்தையோ இறக்கத்தையோ சந்தேகியுங்கள். ஒன்று மட்டும் என்றால் அந்த லீவரின் அளவுத்திருத்தத்தையும் கௌல் ஃப்ளாப்பையும் முதலில் பாருங்கள்.